நைட்ரஜன் தொட்டியில் ஒரு மாப்பிள்ளை

ஜனவரி 9

காலையில் ரத்தம் வந்தது. ரத்த வங்கியிலிருந்து இரண்டு பை, இரண்டும் ஓ வகை. வாசலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் காவலாளி பையைத் தொட மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இவ்வளவு ரத்தமும் யாருக்கும்மா?" என்று கேட்டார். "எங்க மாப்பிள்ளைக்கு" என்றேன். "ஆபரேஷனா?" என்றார். "இல்ல, சாப்பாட்டுக்கு" என்றேன். அதன் பிறகு மனிதர் என் முகத்தையே பார்க்கவில்லை.

விளக்கிச் சொல்லியிருக்கலாம்தான். மலேரியாக் கிருமி மனித ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் இருந்துதான் பிழைக்கும், அதைக் கொல்ல மருந்து தேட வேண்டுமென்றால் முதலில் அதை உயிரோடு வளர்த்தாக வேண்டும், வளர்க்கப் புது ரத்தம் வேண்டும் என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? முப்பது வருடமாகச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் பல வகைக் கிருமிகள் தனித்தனிக் குடுவைகளில் வளர்கின்றன. அதில் ஒன்றுக்குத்தான் மாப்பிள்ளை என்று பெயர். தினமும் சாப்பாடு மாற்ற வேண்டும். சூடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கவனிப்பு கொஞ்சம் குறைந்தால் முறுக்கிக்கொண்டு வளரவே வளராது. அந்தக் காலத்தில் எந்த மருந்துக்கும் மசியாது. இந்த லட்சணங்களைப் பார்த்துப் பெயர் வைத்தவர் எங்கள் வேதியியல்காரர். மருந்துகளைக் கொதிக்கவைத்து, வடித்து, உலர்த்தி உருவாக்குகிறவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சமையல்காரர்.

அது யாருடைய ரத்தத்திலிருந்து வந்தது என்று அன்று அவருக்குத் தெரியாது. தெரிந்தபோது முகம் வெளிறி என் முன்னால் வந்து நின்றார். "விடுங்க. எனக்குப் புருஷன்னாலும் எங்கம்மாவுக்கு மாப்பிள்ளைதானே" என்றேன். பெயர் நிலைத்துவிட்டது.

ஜனவரி 15

சமையல்காரருக்கு இன்று கால் தரையில் பாவவில்லை. ஏழு வருடம் உழைத்துச் செய்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்கலாம் என்று எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லிவிட்டார். அந்த மருந்தை அவர் "மூத்த பொண்ணு" என்றுதான் சொல்வார். வீட்டில் மூன்று பையன்கள்; பெண் ஆசையை இங்கே தீர்த்துக்கொள்கிறார்.

மூத்த பொண்ணு எலியில் தேறிவிட்டாள். எங்கள் குடுவைகள் அத்தனையிலும் தேறிவிட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக மாப்பிள்ளையையும் கொன்றுவிட்டாள். "மாப்பிள்ளையே மசிஞ்சுட்டார் தாயே, இனி எதுக்க யார் இருக்கா?" என்று என்னிடம் வந்து குதித்தார். உண்மையில் மாப்பிள்ளை பல வருடங்களாகவே கொஞ்சம் சாது. முன்பு பழைய மருந்துகளையெல்லாம் ஊதித் தள்ளியவர், இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறார். மருந்தையே பார்க்காமல் குடுவையில் சொகுசாக வளர்ந்தால் எதிர்க்கும் பழக்கம் போய்விடும் என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். வயதானால் எல்லா ஆண்களும் அப்படித்தான் என்று நான் சொன்னேன். தலைவர் சிரிக்கவில்லை.

மருந்து ஜெயிக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும். ஜெயித்த அன்று குடுவையைப் பார்த்தால் 'ஐயோ பாவம்' என்று தோன்றுகிறது. இது என்ன புத்தி எனக்கு?

ஜனவரி 16

மருந்து விடாமல் தனியே வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு மாற்றியாயிற்று. சௌக்கியமாக இருக்கிறார்.

ஜனவரி 27

இன்று எங்கள் கல்யாண நாள். இருந்திருந்தால் மனிதருக்குத் தலை முழுக்க வழுக்கை விழுந்திருக்கும். அப்போதே முன்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. "நெத்தி பெரிசு, யோகக்காரன்" என்று சமாளிப்பார்.

காட்டுக்குள் சாலை போடுவதற்கு அளக்கும் குழுவில் சர்வேயர். மலை விளிம்பில் தொங்கிக்கொண்டு அளப்பவருக்கு ஊசி என்றால் நடுக்கம். நான் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன் என்று முதல் முறை சொன்னபோது நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பயப்படாதீங்க, வீட்டுக்கு ஊசி கொண்டு வர மாட்டேன்" என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் என்னைப் பிடித்தது என்று பிறகு சொன்னார்.

வீட்டுக்குள்ளும் அளந்துகொண்டேதான் நடப்பார். அடுப்புக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு தூரம், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் எவ்வளவு தூரம் என்று வாய்க்குள் கணக்கு ஓடும். எதற்கு என்று கேட்டால், "தெரிஞ்சு வெச்சுக்கிட்டா நல்லதுதானே" என்பார். என்னையும் ஒருநாள் சாணால் அளந்தார். நான் கூச்சத்தில் கத்தியதில் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டிவிட்டாள். அவளிடம் "பல்லி" என்று சொன்னார், முகத்தில் ஒரு அசைவு இல்லாமல். எவ்வளவு கொஞ்ச நாள் வாழ்ந்தோம்! அதில் எவ்வளவு சிரித்தோம்!

பிப்ரவரி 5

விண்ணப்பத்தோடு ஒவ்வொரு கிருமிக்கும் மரபணுச் சான்று வைக்க வேண்டுமாம். அதற்காக மரபணு வாசிக்கும் பெண் எல்லாக் குடுவைகளிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். இங்கே அவளை ஜோசியக்காரி என்போம். இன்று மத்தியானம் வந்து, "மேடம், கொஞ்சம் உக்காருங்க" என்றாள். உட்காரச் சொல்லிவிட்டு யாரும் நல்ல சேதி சொன்னதில்லை.

"மாப்பிள்ளை ஜாதகம் பொருந்தல மேடம்."

குடுவையில் மாப்பிள்ளை என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது மாப்பிள்ளை இல்லை. உலகத்தில் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் வளர்கிற, பழைய மருந்துகளுக்கே சாகிற சாதாரணக் கிருமி. எங்கள் வெப்பப் பெட்டியிலேயே பக்கத்துத் தட்டில் இருக்கிறதே, அதே கிருமி. அவள் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கண் கலங்கியிருந்தது. "இது வேற யாரோ மேடம்" என்றாள்.

அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். எனக்குக் கொடுக்க யாரும் இல்லை.

பிப்ரவரி 6

யாரோ. எவனோ ஒருத்தன். இத்தனை வருஷமா எவனுக்கோ சோறு போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமைன்னு பாக்காம, மழைன்னு பாக்காம, எம் பொண்ணு பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கும்போதுகூட விட்டுட்டு ஓடி வந்து — எவனுக்கோ! ஒரு நாளாவது தெரிஞ்சுதா எனக்கு? தினம் ஸ்லைடுல பாக்குறேனே, மூஞ்சியப் பாத்தா தெரிய வேண்டாமா? கிருமிக்கு ஏது மூஞ்சி. சாயம் ஏத்துனா எல்லாம் ஒரே மாதிரி ஊதா மோதிரம்.

போன கல்யாண நாளன்னிக்குக் குடுவையத் தடவிக் குடுத்தேன். அதை நெனச்சா சிரிப்பா வருது. யாரு பெத்த புள்ளையோ.

பிப்ரவரி 8

நேற்று வேலைக்குப் போகவில்லை. இன்று போனேன்.

எப்போது நடந்திருக்கும் என்று யோசித்தால், பழைய கட்டடத்தில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த அந்த மழைக்காலம்தான். மூன்று வெப்பப் பெட்டிகள் கெட்டுப்போய், எல்லாக் குடுவைகளையும் ஒரே பெட்டியில் அடைத்து, கிடைத்த கையெல்லாம் சாப்பாடு மாற்றியது. ஒரு குழாய் நுனியில் ஒட்டிய ஒரு துளி போதும். வேகமாக வளர்கிற கிருமி மெதுவாக வளர்கிறதைச் சில மாதங்களில் விழுங்கிவிடும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. யார் கை என்று யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்து யாரைக் கழுவில் ஏற்றப் போகிறோம்? இப்படி ஆகாத ஆய்வுக்கூடமே கிடையாது என்று தலைவர் சொன்னார். உண்மைதான். ஆனால் மற்றவர்களுக்கு மாறிப்போனது கிருமி மட்டும்.

பிப்ரவரி 12

தலைவர் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிடச் சின்னவர். கோபம் என்றால் மேடம், காரியம் என்றால் அக்கா. இன்று அக்கா.

"அக்கா, ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, விண்ணப்பத்துலேருந்து மாப்பிள்ளை பேரையே எடுத்துடலாம். மத்த எல்லாத்தையும் மூத்த பொண்ணு கொன்னிருக்கு. பொய் எதுவும் சொல்ல வேண்டாம், ஒரு வரி குறையும், அவ்வளவுதான். இன்னொண்ணு..."

நிறுத்திவிட்டார். சமையல்காரர் மேஜையின் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். இன்னொன்று என்ன என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நைட்ரஜன் தொட்டியில் ஒரே ஒரு குழல் இருக்கிறது. என் கணவர் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை அன்றே அப்படியே உறையவைத்த குழல். அன்று உறையவைத்த மற்ற குழல்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஆராய்ச்சிக்குத் திறந்தாகிவிட்டது. இதை நான் தொட விட்டதில்லை; யாரும் கேட்டதும் இல்லை. அதற்குள் நிஜமான மாப்பிள்ளை தூங்குகிறார். எழுப்பினால் மூத்த பொண்ணு அவரையும் கொல்கிறாளா என்று தெரிந்துவிடும்.

"அது உங்களோடது அக்கா. நீங்கதான் சொல்லணும்" என்றார் தலைவர். சட்டப்படி அது நிறுவனத்துடையது. அவர் அப்படிச் சொன்னதற்கு நன்றி.

அந்தக் குழலில் கிருமி மட்டும் இல்லை. அவருடைய சிவப்பணுக்கள் இருக்கின்றன. அவருடையவை. திறந்தால் உருகவைத்து, புது ரத்தத்தோடு கலந்துதான் கிருமியை எழுப்ப முடியும். சில நாட்களில் அவருடைய அணுக்கள் உடைந்து கரைந்துவிடும். கிருமி பிழைக்கும், அவர் போய்விடுவார். இந்த உலகத்தில் அவர் உடம்பில் மிச்சம் இருப்பது என் சுண்டு விரல் அளவு அந்தக் குழல்தான்.

பிப்ரவரி 14

அந்த ரத்தத்தை எடுத்தது நான்தான்.

காட்டிலிருந்து காய்ச்சலோடு வந்தார். ஸ்லைடு பார்த்து மலேரியா என்று கண்டுபிடித்ததும் நான்தான். மாத்திரை கொடுத்தோம், காய்ச்சல் விட்டது. கொஞ்ச நாள் நன்றாக இருந்தார். கட்டிலில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிட்டார், கோணலாக. திரும்பவும் வந்தது. வேறு மாத்திரை கொடுத்து அது திரும்பவும் விடுவதற்கு முன், இந்தக் கிருமி மருந்துக்கு அடங்கவில்லை, கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்று அப்போதைய ஆய்வுக்கூடப் பெரியவர் கேட்டு அனுப்பினார். நான் ஊசியோடு போய் நின்றேன்.

"வீட்டுக்கு ஊசி கொண்டு வர மாட்டேன்னு சொன்னே."

"இது ஆஸ்பத்திரி" என்றேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். "எடுத்து என்ன பண்ணுவீங்க?"

"வளப்போம்."

"அப்ப நம்ம மூத்த புள்ள இதுதான்" என்றார், கண்ணைத் திறக்காமல். சிரித்ததில் ஊசி ஆடியது. அதட்டினேன். எனக்குள் அப்போதே ஒருத்தி இருந்தாள். எனக்கே உறுதியாகத் தெரியாததால் சொல்லவில்லை. மூன்றாம் முறை காய்ச்சல் வந்தபோது அது மூளைக்கு ஏறிவிட்டது. அப்போது காதருகே குனிந்து சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் அன்று அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

பிப்ரவரி 15

பிறகு பெரியவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். "என் புள்ளையக் கொன்னதுக்குப் போய்ச் சோறு போடுறாளே, பாம்புக்குப் பால் வாக்குறாளே" என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டார், நான் போய்ப் பால் வார்த்துவிட்டு வருவதற்காக. ஒருநாள் நான் செருப்பு மாட்டும்போது, "நல்லாருக்கானா?" என்று கேட்டுவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் "ம்" என்றேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை.

பிப்ரவரி 20

மகளிடம் சொன்னேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீ முடிவு பண்ணிட்டு என்கிட்ட சொல்றியா, நெஜமாவே கேக்குறியா?"

"நெஜமாத்தான் கேக்குறேன்."

ரொம்ப நேரம் துணியால் ஒரே லென்ஸைத் துடைத்தாள். "சின்ன வயசுல என் சிநேகிதிகளோட அப்பாங்க எல்லாம் ஆபீஸ்ல இருப்பாங்க. எங்கப்பா ஐஸ் பெட்டில இருக்கார்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன், தெரியுமா உனக்கு? டீச்சர் கூப்பிட்டு விசாரிச்சாங்க."

தெரியாது. இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது.

"உனக்காவது கொஞ்ச மாசம்மா. எனக்கு ஒண்ணுமே இல்ல. தொறக்கறதா இருந்தா நான் அங்க இருக்கணும். இல்லன்னா தொறக்காத."

பிப்ரவரி 21

ஒரு வரி குறையும் என்றார் தலைவர். அந்த ஒரு வரியில் யார் இருக்கிறார்கள் என்று நேற்றெல்லாம் யோசித்தேன். ஏதோ ஒரு காட்டு முகாமிலிருந்து ஒருத்தன் காய்ச்சலோடு வருவான். அவன் பெண்டாட்டி மூத்த பொண்ணை நம்பி மாத்திரை கொடுப்பாள். காய்ச்சல் விடும். அவன் உட்கார்ந்து அவளுக்குக் கோணலாகத் தலை பின்னிவிடுவான். பிறகு திரும்பி வரும். அந்தத் திரும்பி வருதலை எனக்குத் தெரியும்.

திறக்கலாம் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். காவலாளி வந்து, "மாப்பிள்ளைக்கு இப்ப தேவலையாம்மா?" என்று கேட்டார். பாவம், நல்ல மனிதர்.

மார்ச் 3

மகள் வந்தாள். வெள்ளைக் கோட்டு அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. கையுறை போடத் தெரியாமல் போட்டாள்.

குழலை எடுக்கும்போது புகை எழுந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்தேன். உள்ளே கருஞ்சிவப்பு மெல்லக் கலங்கி உருகியது. இனிமேல்தான் ஆபத்து. உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் அணுக்கள் வெடித்துவிடும். எத்தனையோ முறை செய்த வேலைதான். இன்று முதல் சொட்டை விடாமல் குழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோசியக்காரி, "நான் செய்யட்டுமா மேடம்?" என்றாள். "என் புருஷனுக்கு நான்தான் ஊத்துவேன்" என்றேன். முதல் சொட்டை விட்டேன்.

புது ரத்தம் கலக்கும் முன்னால் இரண்டு ஸ்லைடு போட்டேன். முதலாவது சாயம் இல்லாமல். மகளுக்கு மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்யப் போனேன். "எனக்கா லென்ஸ் பத்திப் பாடம் எடுக்குற?" என்று என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அசையுதும்மா."

"தண்ணில மிதக்குது."

பிறகு சாயம் ஏற்றிய ஸ்லைடை வைத்தேன். "இதுல அப்பா எது, கிருமி எது?" என்று கேட்டாள், கண்ணை எடுக்காமல்.

"ரோஸ் கலர்ல வட்டமா இருக்கறதெல்லாம் அப்பா. சிலதுக்குள்ள ஊதாவா மோதிரம் மாதிரி இருக்கும் பாரு, அது கிருமி."

தட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். "மோதிரம் இல்லாததுதாம்மா நிறைய இருக்கு."

"ஆமா."

"அப்ப அப்பாதான் நிறைய."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கை கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்து, "வேணும்னா போட்டோ எடுத்துக்கோ" என்றேன். "வேணாம். போட்டோதான் ஏற்கெனவே இருக்கே" என்றாள்.

மார்ச் 4

மகள் இன்றும் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மார்ச் 7

குடுவையில் புது ரத்தம் மட்டும்தான் தெரிகிறது. அவர் அணுக்கள் போய்விட்டன. கிருமி இருக்கிறதா என்றும் தெரியவில்லை. எதுவுமே எழாமல் போனால் நான் என்ன செய்வேன்? வீட்டுக்கு வந்து அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். இது வேறு வீடு. தூரம் வேறு.

மார்ச் 18

எழுந்துவிட்டார். ஒரே ஒரு மோதிரம், ஸ்லைடின் ஓரத்தில். ஜோசியக்காரி ஜாதகம் வாசித்து, "இவர்தான் மேடம், சந்தேகமே இல்ல" என்றாள். மெதுவாகத்தான் வளர்கிறார். அதுவும் சரிதான், அவசரப்படுகிற ஆளா அவர்?

— அவர் இல்லை. அவரைக் கொன்றது. இதை இங்கே எழுதி வைக்கிறேன், எனக்கு மறந்து மறந்து போகிறது.

ஏப்ரல் 7

மூத்த பொண்ணை இன்று மூன்று குடுவைகளில் விட்டோம். சமையல்காரர் புதுச் சட்டையில் வந்திருந்தார். "சம்பந்தம் பேசவா வந்திருக்கீங்க?" என்றேன். சிரித்தார், ஆனால் உதடு காய்ந்திருந்தது.

ஏப்ரல் 10

சுத்தம்! ஒரு மோதிரம்கூட இல்லை. சமையல்காரர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், காவலாளிக்கும் சேர்த்து. மருந்தைக் கழுவிவிட்டு, குடுவைகளைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். சில வாரம் பார்க்க வேண்டும். நான் டீயைக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் சுத்தமாகத்தான் இருக்கும். எனக்கு அந்த மூன்றாம் நாளைப் பிடிக்காது.

ஏப்ரல் 22

திரும்பி வந்துவிட்டது.

ஏப்ரல் 23

மூன்று குடுவைகளையும் பார்த்தார்கள். மூன்றிலும் மூத்த பொண்ணு அடிக்கிறாள், மாப்பிள்ளை விழுகிறார், கிடக்கிறார், எழுந்துகொள்கிறார். தலைவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

சமையல்காரர் தன் மேஜையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். ஏழு வருடம். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது? "உங்க பொண்ணை எங்க வீட்டுக்காரர் தொரத்திட்டார், மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை முறுக்குன்னா இதான் தாயே! முப்பது வருஷம் ஐஸ்ல படுத்திருந்துட்டு எழுந்து வந்தும் முறுக்கு குறையல பாருங்க." பிறகு கொஞ்சம் அழவும் செய்தார்.

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டாவது குடுவையிலும் எழுந்தபோது எனக்குள் ஒரு மூலையில் பெருமையாக இருந்தது. அந்த விண்ணப்பம் போயிருந்தால் அந்தக் காட்டு முகாம்காரன்?

மே 6

இன்று டீ குடிக்கும்போது சமையல்காரர் திடீரென்று கோப்பையைக் கீழே வைத்தார்.

"தாயே, நாம தள்ளி வெச்ச மருந்தையெல்லாம் எதை வெச்சுத் தள்ளினோம்?"

"மாப்பிள்ளையக் கொல்லலைன்னு."

"எந்த மாப்பிள்ளைய?"

எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவருடைய கீழ்த்தட்டில் வருடக்கணக்காகத் தூசு படிந்து கிடக்கும் புட்டிகள் அத்தனையும், குடுவையில் உட்கார்ந்திருந்த அந்தப் போலியைக் கொல்லவில்லை என்ற ஒரே குற்றத்துக்காக ஒதுக்கப்பட்டவை. ஆள்மாறாட்டத்தில் தோற்றவை. நிஜ மாப்பிள்ளையோடு அவை மோதியதே இல்லை.

இதற்குப் பிறகு யாரும் டீ குடிக்கவில்லை.

மே 24

வேலை. வேலை. கண் எரிகிறது. ஒன்றும் தேறவில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிக் கழிக்கிறார்.

ஜூன் 2

ஒன்று தேறியது. வெளிறிய மஞ்சள் தூள். செய்ததே சமையல்காரருக்கு நினைவில்லை. போலி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மாப்பிள்ளை அதைத் தொட்டதும் சுருண்டுவிட்டார்.

ஜோசியக்காரி ஜாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு விளக்கினாள். பழைய மருந்துகளிடமிருந்து தப்பிக்க மாப்பிள்ளை தன் உடம்பில் ஒன்றை மாற்றிக்கொண்டார் இல்லையா, அந்த மாற்றம் வழியாகத்தான் மஞ்சள் தூள் உள்ளே போகிறதாம். "திருடனுக்குப் பயந்து வாசக் கதவுல பெரிய பூட்டாப் போட்டுட்டு, கொல்லைக் கதவத் தொறந்து வெச்சிட்டார் மேடம்." அவரும் அப்படித்தான் செய்வார். நிஜமாகவே ஒருமுறை செய்தார். வாசலைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் கடைக்குப் போனோம், வந்து பார்த்தால் பின்வாசலில் பக்கத்து வீட்டுப் பூனை, பால் இல்லை.

ஆனால் மஞ்சள் தூளால் மற்ற கிருமிகளைக் கொல்ல முடியாது. மூத்த பொண்ணால் மாப்பிள்ளையைக் கொல்ல முடியாது. "தனித்தனியா இருந்தா ரெண்டுமே தண்டம். ஜோடி சேத்து அனுப்புவோம்" என்றார் சமையல்காரர். தலைவர் என்னைப் பார்த்து, "அக்கா, இன்னொரு தடவை ஆரம்பிக்கலாமா?" என்றார். இத்தனை நாளுக்குப் பிறகு அக்கா.

ஜூன் 9

இரண்டு மருந்தையும் சேர்த்து விட்டோம். இந்த முறை யாரும் புதுச் சட்டை போடவில்லை.

ஜூன் 12

சுத்தம். யாரும் டீ வாங்கவில்லை.

ஜூன் 28

இன்னும் வரவில்லை. சென்ற முறை இதற்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு காலையும் ஸ்லைடை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன், ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொடும் முன்னால் மூடிக்கொள்வேனே, அதே மாதிரி.

ஜூலை 4

இல்லை.

ஜூலை 21

பார்க்க வேண்டிய கெடு இன்றோடு முடிந்தது. தலைவர் பார்த்தார். சமையல்காரர் பார்த்தார். ஜோசியக்காரி தட்டின் மூலை முடுக்கெல்லாம் நகர்த்திப் பார்த்தாள். கடைசியில் நான் உட்கார்ந்தேன். ரோஸ் வட்டங்கள், வட்டங்கள், வட்டங்கள். ஒன்றில்கூட மோதிரம் இல்லை. மற்ற இரண்டு குடுவைகளிலும் அப்படியே. சமையல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இனி விண்ணப்பம், மனிதர்கள், இன்னும் எத்தனையோ வருடம். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். அதெல்லாம் அவர்கள் பாடு.

மகளுக்குப் போன் செய்தேன். கடையில் இருந்தாள், மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "என்னம்மா, சீக்கிரம் சொல்லு, ஆள் நிக்கிறாங்க" என்றாள்.

"உங்கப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு" என்றேன்.

மெஷின் நின்றது.

"எப்பம்மா?" என்று கேட்டாள்.

"இன்னிக்குக் காலைல" என்றேன்.